எங்க கெணத்துத் தண்ணி மட்டும்

இந்தப் பக்கமா வந்து பேசு நிஷா பாப்பா, அந்தக் காது எனக்குச் செவுடு. ஆங், இப்ப சொல்லு. திரும்பவும் எங்க கெணத்துத் தண்ணிதானா? போன வாரம்தானே குப்பி குப்பியா ரொப்பிகினு போன, காலேஜில எல்லாருமா குடிச்சித் தீத்துட்டீங்களா இன்னா?

சரி, அடி உன் ஊதா லைட்ட. பக்கத்து வசந்தா ஊட்டுத் தண்ணி பாரேன், நீலமா எப்டி மின்னுது! நீ போட்ட கண்ணுக்கே தெரியாத கரித்தூளுதான் உள்ள மின்னுதுன்னு நீ சொன்னப்ப நான் நம்பவே இல்ல. இப்ப எங்க தண்ணிய ஊத்து. அவிஞ்சிடுச்சா? மருந்து கலந்தா அவிஞ்சிடும்னியே, அப்ப கலந்து கீது. பின்னாடி தெருவுல ஒரு மாத்திரை கம்பெனி கீது, அவன் பேர எயுதிகினு கெளம்பு.

இன்னாது? கள்ளிக்குப்பத்துல பதினோரு கெணறு பாத்தியா, எங்க கெணறு மட்டும்தானா? காலேஜ் மிசின்லயும் வச்சிப் பாத்துட்டியா? டிபி மாத்திரையா? பரவால்லியே, படிச்ச பொண்ணுதான் நீ.

ஆமா, எங்க ஊட்ல டிபி ஆளு கீறாரு. சின்னசாமி, எம் புருசன். உள்ள இருமிகினு கெடக்குறாரே, கேக்கல? ஆறு மாசம் மாத்திரை போட்டா எந்திரிச்சி ஓடுவாருன்னாங்க. அஞ்சு மாசம் ஆவுது, குந்தக்கூட முடில. மருந்து ஏன் கேக்க மாட்டேங்குதுன்னு டாக்டரு மண்டைய ஒடச்சிகினு கீறாரு.

காதா? அது அவரு குடுத்ததுதான். கொயம்புல உப்பு கம்மின்னு பம்பு கைப்பிடியால ஒண்ணு போட்டாரு. நான் ரத்தத்தோட கீய கெடக்குறேன், அவரு குந்திகினு அதே கொயம்ப ரெண்டு தபா ஊத்தித் துன்னாரு. அடிச்சதக்கூட விட்டுடுவேன் பாப்பா, அந்தத் துன்னத என்னால மறக்க முடில.

இப்ப எவரையும் நம்ப மாட்டாரு, எங்கையால குடுத்தாத்தான் முயுங்குவாரு. கண்ணு வேற மங்கல். நர்சம்மா விஜி வாரத்துக்கு ஒரு தபா வந்து, மூத்திரம் செவப்பாப் போவுதான்னு என்னண்டதான் கேக்கும். அந்த மாத்திரை போட்டா அப்டித்தான் போவணுமாம். செவப்புதாம்மான்னு சொல்லி அனுப்சிடுவேன்.

இன்னா, எயுதாம நின்னுட்ட? அஞ்சு மாசமா யாராண்டயும் சொல்லாம நெஞ்ச அடச்சிகினு கெடந்துச்சி, நீயா வந்து கேட்டுட்ட. அவருக்கு நான் குடுக்குறது வெறும் சத்து மாத்திரை. கவுருமெண்டு குடுத்தது அத்தினியும் தெனம் காலைல கெணத்துக்குத்தான் குடுக்குறேன். அந்தக் கம்பெனி பேர அடிச்சிடு, பாவம் அவன்.

இரு, உள்ள கூப்புடுறாரு. மாத்திரை போடுற நேரம். குடுத்துட்டு வந்துடுறேன்.