குஞ்சுத் தொட்டியில் ஒரு சுருள்

“மூடிய நல்லா இறுக்கித் திருகும்மா, வழியில கொட்டிடப் போவுது. அப்புறம் தண்ணி பத்தல, பரிசோதனை பண்ண முடியலன்னு எழுதிடுவீங்க. உங்க ஆபீஸ எனக்குத் தெரியாதா... மூணு மனு போட்டப்புறம்தான் உன்னையே அனுப்பியிருக்காங்க.”

தங்கமீன் வளர்ப்பதால் தெருவில் அவளுக்குத் தங்கமீனக்கா என்றே பெயர். பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்க மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து வந்த பெண் சாக்கடை ஓரம் குனிந்து பாட்டிலில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளை நிமிர விட்டால்தானே.

“எதிர்ல தெரியுதே, அதான் முலாம் பட்டறை. செம்பு முலாம். பட்டறைக்காரர் யாருங்கிற? என் சம்பந்தி. என் மக அந்த வீட்டுலதான் வாழுது. அதுக்காகச் சும்மா இருக்க முடியுமா? என் தொட்டிங்களப் பாத்து, ‘நல்ல பொழுதுபோக்கு’ன்னாரும்மா மனுஷன். பதினாறு வருஷமா இதுலதான் சோறு திங்கறேன், பொழுதுபோக்காம். மனு போட்டதுலருந்து மக இந்தப் படி ஏறல. போகட்டும்... நீ உள்ள வா, செருப்போட வா, பரவால்ல.”

உள்ளே, மீன்குஞ்சுகள் கிடந்த ஒரு வெள்ளைக் கிண்ணத்தை விளக்கடியில் நீட்டினாள்.

“பாரு. முதுகு கேள்விக்குறி மாதிரி இருக்கா? இதுக்குக் கண்ணு கடுகுல பாதி. இதுக்கு நெஞ்சுல நீர் கோத்துக்கிச்சு. நீந்துன்னா நின்ன இடத்துலயே சுத்துது. நூறு முட்டைல எம்பது பொரியவே இல்ல, மிச்சம் இந்த லட்சணம். எல்லாம் செம்பு. பெரிய மீனு தாங்கிக்கும், முட்டைக்குள்ள உருவாகுற உசுருக்குத் துளி போதும், எலும்பு கோணிடும். நானே புத்தகத்தப் பாத்து மனுவுல எழுதினேன். என் தண்ணில செம்பு இருக்குன்னு உன் தாள்ல ஒரு வரி வந்தாப் போதும், பட்டறைக்குப் பூட்டுன்னு உங்க பெரிய ஆபீசரே சொல்லிட்டாரு.

என்னது? வாசல் போர்க் குழாய்த் தண்ணிதான். பெரிய தொட்டிக்கும் அதே குழாய்தான். அங்க குஞ்சு... இருக்கு, ஏழெட்டு. பாசில ஒட்டித் தப்பிச்ச முட்டை பொரிஞ்சது. நேராத்தான் இருக்கு. அதுங்களுக்கென்ன, கேக்க ஆளில்லாம வளர்ந்ததுங்க, எதையும் தாங்கும். அட, அந்தச் சாக்கடையிலயே கொசுமீனு குட்டி போட்டு வால ஆட்டிக்கிட்டுத் திரியுதும்மா. பட்டறை வாசல்லயே! ஒண்ணுக்காவது முதுகு கோணிச்சா? இங்க பொத்திப் பொத்தி வளக்குறேன், எனக்குத்தான் இந்தக் கதி. நியாயமா சொல்லு.”

பெண் குஞ்சுத் தொட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதா? அது குளுமைக்கு. வெயில்ல தொட்டி கொதிக்குதில்ல... என் தம்பி ஏசி மெக்கானிக்கு, பழைய ஏசிலருந்து குழாயக் கழட்டி, சுருட்டி, உள்ள போட்டுக் கொடுத்தான். குழாய்க்குள்ள ஐஸ் தண்ணி ஓடும், தொட்டி சில்லுன்னு இருக்கும். செக்கச்செவேல்னு பளபளன்னு இருக்கா? அவன் கொடுத்தப்போ கறுத்துக் கெடந்தது. வாரா வாரம் எடுத்து எலுமிச்சம்பழத் தோல்ல உப்பு வெச்சு நானே தேய்ப்பேன். அந்த முலாம் பட்டறைல கூட இப்பிடி மினுக்காது...”

பெண் ஒரு பாட்டிலைச் சுருளுக்கு அருகே அமிழ்த்தினாள். குமிழ்கள் வந்தன.

“எப்பப் போட்டதா? வெயில் தொடங்குனப்போ. ரெண்டு மாசம் இருக்கும். குஞ்சுங்க கோணத் தொடங்கினதும்... ஆமா, ரெண்டு...”

தங்கமீனக்கா தொட்டியைப் பார்த்தாள். சுருளுக்குள் ஐஸ் தண்ணீரைத் தள்ளும் மோட்டாரின் சத்தம் அந்த அறையில் கேட்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“ஏம்மா... போட்ட மனுவத் திருப்பி வாங்கணும்னா, அதுக்கும் மனுதான் எழுதணுமா?”

பெண் தலையாட்டிவிட்டு, ஸ்கூட்டரிலிருந்து எடுத்து வந்த பெட்டியில் பாட்டில்களை வரிசையாக அடுக்கினாள்.

“எழுதிக்கலாம், அதென்ன பிரமாதம். ஆனா என் தம்பி இருக்கான் பாரு, அவனச் சொல்லணும். படிச்சவன், சர்ட்டிபிகேட்டு வெச்சிருக்கான், ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? சின்ன வயசுலருந்தே அப்படித்தான். ஒரு தடவ எங்க வீட்டு ஃபேனக் கழட்டிட்டு... நீ கெளம்பிட்டியா? இரு, ஃபேன் கதையக் கேட்டுட்டுப் போ...”

பேசிக்கொண்டே மோட்டாரை நிறுத்திவிட்டு, முழங்கை வரை கையைத் தொட்டிக்குள் விட்டாள். சுருளை வெளியே இழுத்து, சொட்டச் சொட்ட, பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பெட்டியை மூடினாள்.