துரைக்கு ஒரு கட்டு சுருட்டு

மேற்குலகை நாம் எப்படியெல்லாம் கற்பனை செய்துகொள்கிறோம் என்று கட்டுரை எழுதுவதற்காக, இரண்டு தடிப் புத்தகங்களோடு சேலத்திலிருந்து ஏற்காடு பஸ் ஏறியிருந்தேன். படிக்கும் எண்ணமில்லை, மடியில் இருந்தால் ஒரு கௌரவம். முன்சீட்டில் செம்மநத்தம் விவசாயி ஒருவரும், ஏற்காட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவரும். விவசாயி திடீரென்று கேட்டார்:

“ஏனுங்க பாய், ஜெர்மனியில சமாதிக்குச் சோறு வெப்பாங்களா?”

“பூ வெப்பாங்கண்ணா. உங்க பையனை அங்கியே அடக்கம் பண்ணீட்டாங்களா?”

“ஆமாங்க, கொண்டார முடியல. எங்க காப்பித் தோட்டத்துல ஒரு வெள்ளக்காரத் தொரை சமாதி இருக்குதுங்க. பேருகூடத் தெரியாது. வருசா வருசம் நாங்கதான் சோறும் சுருட்டும் வெக்கறோம். எம்பையனுக்கு அங்க யாருங்க வெப்பா?”

பாய் அவர் தோளில் கை வைத்தார்.

“இந்த வாட்டி தொரைகிட்டயே சொல்லிப்போடறனுங்க. அவரு ஆளுங்ககிட்டச் சொல்லிப் பாத்துக்குவாரு.”

“அவரு இங்கிலீசுக்காரருங்கண்ணா. ஜெர்மனி வேற நாடு.”

“எல்லாம் வெள்ளக்காரங்கதானுங்களே. ஒருத்தரையொருத்தரு தெரியாமயா போயிரும்?”

பஸ் கொண்டை ஊசி வளைவில் மெல்லத் திரும்பி ஏறியது. பாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க கடையில சுருட்டு இருக்குதுங்களா?”

“இருக்குதுங்கண்ணா.”

“எப்பவும் ஒண்ணுதான் வெப்பனுங்க. இந்த வருசம் ஒரு கட்டாவே குடுங்க. கேக்கறது பெரிய காரியம்.”