உருண்டைத் தலை மூணு

– அந்த மரத்தட்டை நாளைக்குப் பார்க்கலாம் தம்பி. டீ ஆறுது.

– ஆறட்டும் அண்ணி. அண்ணன் சேர்த்த நாணயத்துக்கெல்லாம் பட்டியல் போடணும், பொண்ணுகிட்ட குடுக்கணும்னு கூப்பிட்டது நீங்க. இந்த ஒரு தட்டை மட்டும் நாலு தடவை நகர்த்தி வைக்கிறீங்க.

– துடைக்கத்தான்...

– துடைச்சா நாணயம் கெட்டுப்போகும்னு அண்ணன் கத்திக்கிட்டே இருப்பாரே.

– அவர் கத்தினதையெல்லாம் காதுல வாங்கியிருந்தா எப்பவோ செவிடாகியிருப்பேன்.

– ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுல இருந்து நாப்பது வரைக்கும், ஒரே வெளிநாட்டுக் காசு, வருஷத்துக்கு ஒண்ணு. பதினோரு குழி, பதினோரு நாணயம்... அட, முப்பத்திமூணு கூட இருக்கே.

– இருந்தா என்ன?

– இதுக்காக அண்ணன் அலையாத கடை இல்ல. அந்த லென்ஸைக் குடுங்க.

– வெறும் கண்ணுக்கே தெரியுதே, மூணுதானே.

– மூணுதான். ஆனா அந்த வருஷம் அடிச்ச மூணுக்குத் தலை தட்டையா இருக்கும். இது உருண்டை. எட்டோட இடது பக்கத்தைச் சுரண்டி மூணாக்கியிருக்காங்க.

– எவனாவது நாணயக் கடைக்காரன் தலையில கட்டியிருப்பான். உங்க கூட்டம்தானே.

– எங்க கூட்டத்துல இவ்வளவு நேர்த்தியா வேலை தெரிஞ்சவன் இல்ல. சுரண்டின இடத்துல மெருகு பாருங்க... பல்செட்டுக்கு ஏத்தற மெருகு.

– டீ சுத்தமா ஆறிப்போச்சு தம்பி.

– நீங்க பல்செட் செய்யற இடத்துல எத்தனை வருஷம் இருந்தீங்க அண்ணி?

– இருபத்தாறு. சிரிக்காதீங்க.

– சிரிக்கலையே.

– உதடு துடிக்குது.

– சரி, சொல்லுங்க.

– அவரோட ஆபரேஷனுக்கு முந்தின வாரம், அந்த ஒரு குழி காலியாவே போயிடும் போலிருக்குன்னாரு. எனக்கு மனசு கேக்கல. முப்பத்தெட்டு ரெண்டு வச்சிருந்தாரு. ஒண்ணைத் தூக்கிட்டுப் போய் சாப்பாட்டு நேரத்துல சுரண்டினேன். பழைய சாமான் கடையில கிடைச்சதுன்னு குடுத்தேன்.

– நம்பிட்டாரா?

– ஆஸ்பத்திரிக்கே சட்டைப் பையில வச்சுட்டுப் போனாரு. அதுக்கப்புறம் ஏழு வருஷம் இருந்தாரு தம்பி. ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம், வாய் வரல. ஏமாத்தியே அனுப்பிட்டேனேன்னு... ராத்திரி பகல் அதேதான்.

– அண்ணன் கண்ணு அவ்வளவு மோசமில்ல அண்ணி.

– போங்க. நான் மூக்குக் கண்ணாடி மாத்தினதையே ஆறு மாசம் கழிச்சுத்தான் கவனிச்சாரு.

– அது வெறும் முகம். இது நாணயம்.

– அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு... சரி, பட்டியல்ல என்ன எழுதப் போறீங்க? போலின்னா? பொண்ணு படிப்பாளே.

– அதை எழுதிடலாம். அசலை எங்க எழுதறதுன்னுதான் முழிக்கிறேன்.

– எந்த அசல்?

– என் கடை டிராயர்ல இருக்கறது.

– உங்க டிராயர்ல எதுக்கு...

– ஆஸ்பத்திரியில இருந்து வந்த வருஷமே எனக்கு ஒரு முப்பத்திமூணு சிக்குச்சு. அண்ணன்தான் வாங்கினாரு. வாங்கிட்டு என்கிட்டயே திருப்பிக் குடுத்து, “தட்டுல இடமில்லடா, இங்கயே கிடக்கட்டும், அவகிட்ட மூச்சு விட்டுடாதே”ன்னாரு அண்ணி.