முக்பிலின் கைக்குப் போன துப்பாக்கி

இரண்டு நாளாகக் கடைவாய்ப் பல் வலிக்கிறது, சுறுசுறுப்புக்காக மெல்லும் காத் இலையைக்கூட வாயில் போட முடியவில்லை. அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஐயா.

எங்கள் பள்ளத்தாக்கில் கொலைப்பழி தீர்க்க ஒரு வழக்கம் உண்டு. கொன்றவன் மண்டியிட்டு, தோட்டா போட்ட கைத்துப்பாக்கியைச் செத்தவனின் தகப்பன் கையில் கொடுப்பான். அவர் அதை அவன் நெற்றியில் வைத்து விசையை இழுப்பார். 'டக்' என்று சத்தம் வரும், அவ்வளவுதான். எல்லாரும் கட்டிக்கொண்டு ஆட்டுக்கறி சாப்பிடப் போவார்கள். அது சுடாது என்பது ஊரறிந்த விஷயம். மானம் போகாமல் மன்னிக்க வேண்டுமே.

அதற்கென்றே எங்கள் குலத்தலைவர் ஷேக் தப்வான் வீட்டில் ஒரு பழைய பெல்ஜியத் துப்பாக்கி இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் முக்பிலின் மகனை நஷ்வான் கொன்றுவிட்டான். சமாதானம் பேசி முடித்ததும் ஷேக் அதை என் துப்பாக்கி ரிப்பேர் கடைக்கு எடுத்துவந்தார்.

"ஹிஸாம், இது சுடாதுன்னு ஒரு தடவை பாத்துச் சொல்லிடுப்பா. ரிப்பேர் பண்ணித் தொலைச்சிடாதே, உன் கை சும்மா இருக்காது" என்று சிரித்தார்.

தோட்டா போட்டு விசையை இழுத்துப் பார்த்தேன். தோட்டாவின் அடியில் லேசாகத் தடம் விழுந்தது, வெடிக்கவில்லை. ஸ்பிரிங்கில் குறை இல்லை. கழற்றினால், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் அடிமுள் ஓடும் துளைக்குள் பல வருட எண்ணெய் பிசினாக இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். முள்ளின் நுனியும் மழுங்கியிருந்தது, புதிதாக ஒன்று செய்து போட்டேன். மலைப்பக்கம் போய் மூன்று முறை சுட்டுப் பார்த்தேன், தடங்கலே இல்லை. பிறகு ஷேக்கிடம் போய், சுடாது என்றேன்.

நஷ்வான்மேல் எனக்குக் கோபம் கிடையாது. என் மகள் கல்யாணத்தில் ஓடியாடிப் பரிமாறியவன். ஆனால் அந்த 'டக்' சத்தத்தை ஐந்து முறை கேட்டுவிட்டேன். சமாதானம் இரண்டு வருடம் தாங்கும். அப்புறம் சந்தையில் எவனாவது, மகனின் பழியை ஓட்டைத் துப்பாக்கிக்கு விட்டுக்கொடுத்தவன் என்று குத்திக்காட்டுவான், மறுபடியும் பிணம் விழும். அலுத்துவிட்டது, ஐயா. ஒருமுறையாவது நிஜமாகவே முடியட்டும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கூடினோம். நஷ்வான் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் மண்டியிட்டான். முக்பில் குனிந்து, "பயப்படாதேடா மவனே, முடிஞ்சதும் நம்ம வீட்லதான் சாப்பாடு" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அவர் விசையை இழுத்தார்.

அதன்பின் அவர் துப்பாக்கியைக் கீழே போடவே இல்லை. ஷேக்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். மூன்றாம் நாள் நஷ்வானின் அண்ணன் முக்பிலைச் சுட்டான்.

ஆம், தெரிந்தேதான் செய்தேன். அமைதிக்காகச் செய்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து எங்கே போட வேண்டும்? கடையில் ஏழு துப்பாக்கிகள் பிரித்தபடியே கிடக்கின்றன. இரண்டு வீட்டாருக்கும் நாளைக்குள் வேண்டுமாம்.