மூன்று ஹெலிகாப்டர்களும் ஒரே மாடிக்குப் போன நாள்

மேடையில் இருக்கும் கட்டளைத் தளபதி ஐயா அவர்களே, மூன்று விமானத் தளங்களிலிருந்தும் வந்திருக்கும் அதிகாரிகளே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் மெக்கானிக் அண்ணன்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் ரிப்பீட் மேடத்தின் மகளே, அக்கா, எல்லோருக்கும் வணக்கம்!

நான் சீருடை போட்டவன் இல்லை. நம் வான்படைக் கட்டளையகத்தின் வரலாற்றை எழுதும் ஓர் இணையப் பக்கத்தை நடத்துகிறேன். எந்தப் படைப்பிரிவு எந்தத் தளத்தில் இருந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். "வேலை வெட்டி இல்லாத வேலை" என்பார் என் அப்பா. பிறகு ஏன் என்னை இந்த மேடைக்கு அழைத்தார்கள்? ரிப்பீட் மேடம் தன் வாழ்நாளில் சொல்ல மிகக் கடினமாக இருந்த கதையை என் பக்கத்தின் நேரலையில்தான் சொன்னார். அதற்கு நன்றி சொல்ல வந்திருக்கிறேன்.

தலைமைச் செயற்பாட்டு அதிகாரி என்பது அரசாங்கம் தந்த பதவி. ரிப்பீட் மேடம் என்பது நீங்கள் தந்த பட்டம்! உத்தரவு வாங்கியவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், எந்தத் தளம் போகிறது என்றும் சொல்ல வேண்டும். அதுவரை அவர் போனை வைக்கமாட்டார். ஒருமுறை வானிலை அதிகாரி கிண்டலாகக் கேட்டாராம்:

"மேடம், சாப்பிடக் கூப்பிட்டாக்கூட திருப்பிச் சொல்லணுமா?"

"ஆமாய்யா. யார் யார் வர்றீங்கன்னும் சேர்த்துச் சொல்லு. சமையல்காரர் பாவம்ல!"

சிரிக்கிறீர்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா?

கட்டளையகம் பிறப்பதற்கு முன் மலைத் தளம், ஆற்றுத் தளம், கடலோரத் தளம் மூன்றும் தனித்தனி ராஜ்ஜியம். தனித்தனித் தலைமை, தனித்தனி ஹெலிகாப்டர். அப்போது அந்தப் பெருவெள்ளம் வந்தது. பள்ளிக்கூட மாடியில் ஆட்கள், தச்சுப் பட்டறை மாடியில் ஆட்கள் என்று இரண்டு தகவல்கள் மூன்று தளங்களுக்கும் போயின. மூன்று ஹெலிகாப்டர்களும் பள்ளிக்கூட மாடிக்கே பறந்தன! பட்டறைக்கு? மலைத் தளம் பார்த்துக்கொள்ளும் என்று கடலோரம் நினைத்தது. கடலோரம் பார்த்துக்கொள்ளும் என்று மலை நினைத்தது. ஆற்றுத் தளம் இரண்டு பேரையும் நம்பியது. மறுநாள் மாலை வரை பட்டறை மாடிக்கு யாருமே போகவில்லை.

அன்று கடலோரத் தளத்தில் பொறுப்பில் இருந்து, "அவங்க போயிருப்பாங்க" என்று சொன்னவர் யார்? ரிப்பீட் மேடம்தான்.

அந்தத் தவறுக்குப் பிறகுதான் மூன்று தளங்களையும் ஒரே கட்டளையின் கீழ் கொண்டுவந்தார்கள். பறப்பவர், பழுது பார்ப்பவர், வானிலை சொல்பவர், எரிபொருள் அனுப்புபவர் எல்லோரையும் ஒரே அறையில், ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைத்தார் மேடம். ஆனால் தலைமையகத்தின் வாசல் பலகை என்ன சொல்கிறது? 'தொலைநோக்குத் திட்டமிடலால் உருவானது' என்கிறது. வெள்ளத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! மேடத்தின் உறக்கத்தைக் கெடுத்தது அந்தப் பலகைதான்.

போன வருடம் நேரலையில் அவர் எல்லாவற்றையும் சொன்னார். தன் பங்கையும் சொன்னார். நேரலையின் கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதினார்: "பென்ஷன் கைக்கு வந்தப்புறம்தான் உண்மை வாய்க்கு வருமோ?" நான் அந்த ஆளை நீக்கப் போனேன். மேடம் தடுத்தார்.

"விடுப்பா, கேக்குறது நியாயம்தானே. ஆமாங்க, லேட்டுதான். அதுக்கும் சேர்த்துத் திட்டுங்க."

நேரலை முடிந்ததும் அக்கா எனக்குப் போன் செய்தார். கோபிக்காதீர்கள் அக்கா, சொல்லலாம் என்று நீங்களே சொன்னீர்கள்.

"உன் பேஜுக்கு வியூஸ் வரணும்னு எங்க அம்மா பேரை ஏன்டா நாறடிக்கிற? அதை உடனே தூக்கு!"

தூக்கியிருப்பேன். சத்தியமாகத் தூக்கியிருப்பேன். அதற்குள் ஒரு பெரியவர் தொடர்பில் வந்தார். அந்தப் பட்டறையின் தச்சர். இதோ, நடு வரிசையில் தன் மனைவியோடு உட்கார்ந்திருக்கிறார். மேடத்தோடு பேச வேண்டும் என்றார். இணைத்துக் கொடுத்தேன்.

"மூணு ஹெலிகாப்டர் பக்கத்துல சுத்துனதை நாங்க கண்ணால பார்த்தோம்மா. சட்டையைக் கழட்டி வீசிக் காட்டினோம். பார்த்துட்டும் வேணும்னே விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு இத்தனை வருஷமா என் வீட்டுக்காரி சொல்லிட்டே இருக்கா."

"வேணும்னு இல்லைங்க. ஒருத்தரை ஒருத்தர் நம்பி ஏமாந்தோம். அதுல நானும் ஒருத்தி. மன்னிச்சிடுங்க."

தச்சர் போனை மனைவியிடம் கொடுத்தார். பிறகு அந்த அம்மாவின் குரல் கேட்டது: "நாங்க ஏழைங்கிறதால விட்டுட்டீங்கன்னு நினைச்சேன். இல்லைன்னு சொன்னீங்களே, அது போதும் தாயி."

அன்பர்களே! பதக்கம் வாங்கியபோதுகூட அழாத மேடம் அன்று அழுதார். ஓர் உண்மை ஒரு வீட்டின் நெஞ்சிலிருந்து பாரத்தை இறக்கியது என்றால், அதை நாம் எந்த அறையில் பூட்டி வைப்பது? வரலாறு என்பது ஜெயித்த கதை மட்டும்தானா?

கட்டளையகம் வந்த பிறகு எத்தனை வெள்ளம், எத்தனை புயல்! ஒரு மாடிகூட விடுபட்டதில்லையே! அந்த மாடிகளிலிருந்து மீண்டு வந்த ஒவ்வொருவர் சார்பிலும் மேடத்துக்கு நன்றி.

தளபதி ஐயா, பலகையை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் உங்கள் வாசலுக்கு வருவேன். என் பக்கம் என் கையில் இருக்கிறது. மேடம் எழுதச் சொன்ன வரியை, மகளின் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது என்று இத்தனை நாள் காத்திருந்தேன். இன்று காலை, மேடத்தின் படத்துக்கு மாலை போட வந்தபோது அக்கா என் தோளைத் தொட்டார்.

"எழுதிடு தம்பி. அம்மா பேரோட எழுது."

எழுதிவிட்டேன் அக்கா. இனி நம் கட்டளையகத்தின் வரலாறு இப்படித்தான் தொடங்கும்: 'இது ஒரு தவறிலிருந்து பிறந்தது. தவறு செய்தவர்களில் ஒருவரே முன்னின்று இதைக் கட்டினார்.'