ஒரே ஒரு பச்சை வயல்

எண்பத்திரண்டு வாக்கில், ஆம்பூரிலிருந்து மாதனூர் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"என் பயிர் பச்சையா இருந்துச்சு மச்சான். அதுக்குத்தான் ஊரே என்னைத் திட்டுது."

"பச்சையா இருந்தா இன்னா தப்பு?"

"தோல் பதப்படுத்துற டேனரித் தண்ணி கிணத்துல எறங்கி நெல்லு மஞ்சளா போச்சுன்னு ஊரே மனு குடுத்தோம் இல்ல? நானும்தான் கையெழுத்துப் போட்டேன். ஆபீசர் வர ஒரு மாசம் ஆச்சு. பயிரைப் பாக்க மனசு கேக்கல. உரக்கடையில சொன்னாங்கன்னு ஜிங்க் சல்பேட்டை மணல்ல கலந்து தூவினேன். பத்து நாள்ல தேறிச்சு."

"நல்லதுதானே?"

"அப்பதான் ஆபீசர் வந்தாரு. சுத்தி எல்லாம் மஞ்சள், என்னுது மட்டும் பச்சை. 'உனக்கும் இதே தண்ணிதானா'ன்னு கேட்டாரு. ஆமான்னேன்."

"அட பாவி!"

"தண்ணியில குத்தம் இல்ல, மண்ணுலதான் சத்து கம்மின்னு எழுதிக்கினு போய்ட்டாரு. இப்போ ஒருத்தரும் என்னாண்ட பேசறதில்ல."

மச்சான் அவர் தோளைத் தட்டினார்.

"வுடு. உனக்காவது நெல்லு வந்துச்சே."

முன்சீட்டுக்காரர் பைக்குள்ளிருந்து ஒரு கதிரை எடுத்தார். "இதைத்தான் இன்னைக்கு ஆபீசுக்கு எடுத்துக்கினு போனேன். ஃபைலை மூடியாச்சாம்."

கதிரை உள்ளங்கையில் கசக்கி ஊதினார். ஒரு மணிகூடக் கையில் நிற்கவில்லை. அத்தனை பதரும் பறந்து என் மடியில் வந்து விழுந்தது.