நடுவுல காணாமப் போன பாடம்

நாளைக்கெல்லாம் ஆகாதுண்ணே. பைண்டிங் வேலைன்னா பசை காயணும், கனம் வச்சு அமுக்கணும், எனக்கும் தெரியும். லைப்ரரியில தலை நரைச்சவதானே நான். ஆனா இந்தப் புத்தகம் இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள வேணும். நீங்க வேலையைப் பாருங்க, நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன்.

பல்கலைக்கழக லைப்ரரின்னா நீங்க என்னமோ பெரிசா நினைக்கறீங்க. பரீட்சை வந்துட்டா அது லைப்ரரி இல்லண்ணே, சத்திரம். வருஷம் பூரா எட்டிப் பாக்காத ஜென்மங்க எல்லாம் கதவு திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிக்கும். ஒருத்தன் நாற்காலியில கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிக்கறான். இன்னொருத்தன் ஒத்தைச் செருப்பைக் கழட்டி வச்சுட்டு, மிச்சத்தைப் போட்டுக்கிட்டு நொண்டி நொண்டி வெளிய போறான். ஒரு மகாராசன் புத்தகத்து மேலயே கன்னத்தை வச்சுத் தூங்கி எச்சில் வடிச்சு வச்சிருக்கான். எழுப்புனா, படிச்சுட்டுத்தான் இருந்தேன் மேடம்ங்கறான்.

ஒரு அம்மணி வந்து, அந்த நீல அட்டைப் புத்தகம் வேணும்னா. பேரு? தெரியாது. எழுதினது யாரு? தெரியாது. என்ன பாடம்? அதுக்கும் திருதிருன்னு முழிக்கறா. இவதான் நாளைக்குப் பாலம் கட்டப் போறா. நான் அந்தப் பாலத்துப் பக்கமே போக மாட்டேன், சொல்லிட்டேன்.

இதுல கெட்டிக்காரனுங்க வேற. வேற எவனும் படிச்சுடக் கூடாதுன்னு ஒரே ஒரு பிரதி இருக்கற புத்தகத்தைத் தூக்கிட்டுப் போய் சமையல் புத்தகங்களுக்குப் பின்னாடி ஒளிச்சு வப்பானுங்க. மறுநாள் எங்க வச்சோம்னு மறந்துட்டு, தேடிக் குடுங்க மேடம்னு என்கிட்டயே வந்து நிப்பானுங்க. வெக்கம் மானம் ஏதாவது?

அதனாலதான் இந்தப் புத்தகத்தை என் மேஜையிலயே வச்சிருந்தேன். அடையாள அட்டையைக் குடுத்துட்டு, என் கண்ணு முன்னாடி உக்காந்து படிச்சுட்டுத் திருப்பிக் குடுக்கணும். பக்கத்துலயே ஜெராக்ஸ் மெஷின் இருக்கு. அப்பவும் நடுவுல ஒரு பாடத்தையே உருவிட்டாங்க.

நேத்து கடைசியா வாங்கினது ஒரு சோடாபுட்டிப் பையன். திருப்பித் தரும்போது புரட்டிப் பாக்கறேன், பொக்கை வாய் மாதிரி இருக்கு. நான் வாங்கும்போதே இல்ல மேடம்ங்கறான். விடுவேனா? அத்தனை பேரு முன்னாடியும் திருட்டுப் பயலேன்னு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். அழுதான். என்னடா நடிக்கறேன்னு அதுக்கும் ஒரு ஏச்சு. ஹால் டிக்கெட்டை நிறுத்தி வச்சாச்சு. இன்னிக்குச் சாயந்தரம் துறைத் தலைவர் ரூம்ல விசாரணை. அங்க நான் சொல்றதுதான் பேச்சு. நாளைக்குப் பரீட்சை எழுத விடலேன்னா அவனுக்கு ஒரு வருஷமே போச்சு.

பக்கங்களா? இதோ பையில இருக்கு. எதுவும் குறையல, சரி பாத்துட்டேன். கிழிச்ச ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிச் சமமாக்கி உள்ள சேர்த்துடுங்க. தையல் விட்டு உதிர்ந்து மேஜைக்கடியில கிடந்துச்சுன்னு சொல்லிடறேன். அந்தப் பையன் பரீட்சை எழுதிட்டுப் போகட்டும். மன்னிப்பா? என்னன்னு சொல்லிக் கேக்கறது அவன்கிட்ட? விடுங்கண்ணே.

எங்கருந்து வந்துச்சுன்னுதானே பாக்கறீங்க? காலைல துவைக்கப் போடலாம்னு தலையணை உறையை உருவினேன், பொத்துன்னு விழுந்துச்சு. எங்க வீட்டுத் தலையணைதான். என் பையனும் அங்கதானே படிக்கறான், அவனுக்கும் நாளைக்கு இதே பரீட்சைதான். நான் சாப்பிடப் போறப்ப மேஜையைப் பாத்துக்கடான்னு அவனைத்தான் உக்கார வச்சுட்டுப் போவேன். ஊர்ல ஒருத்தனையும் நம்பாதவ, இவனை நம்புனேன் பாருங்க.

இல்ல, அவன்கிட்ட இன்னும் கேக்கல. நான் கிளம்பும்போது துரை தூங்கிட்டிருந்தாரு.

இந்த மடிச்ச தழும்பு தெரியாம அமுக்கிடலாம்ல? என்னது, படிச்சானான்னா கேக்கறீங்க? நான் எடுத்துப் பாக்கும்போது மடிச்ச மடிப்பு கலையாம பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சுண்ணே. அடுத்தவன் வருஷத்தையே கிழிச்சு எடுத்துட்டு வந்தவன், ஒரு தடவை பிரிச்சுக்கூடப் பாக்கல.